டிராக்ல விழுந்தா திங்கட்கிழமை பில்லை யார் கட்டுவா? புதுக்கோட்டை பைக் ரேஸ் பிரியர்களுக்கு ஒரு வாரக்கடைசிக் கணக்கு

இந்த வாரம் வீடியோல பைக் ரேஸ் செலவு பத்தி மேலோட்டமா பேசியிருந்தோம். 12 நிமிஷத்துல எல்லாத்தையும் சொல்ல முடியல. அதனால முழுக் கணக்கும் இந்தப் பதிவுல இருக்கு. கொஞ்சம் நீளம்தான். ஆனா டிராக்ல வண்டி ஓட்டணும்ங்கற ஆசை உங்களுக்கோ, உங்க ஃப்ரெண்டுக்கோ இருந்தா கடைசி வரைக்கும் படிங்க. ரேஸ்ல ஆசை இல்லாதவங்களுக்கும் இதுல ஒரு விஷயம் இருக்கு: உங்க இன்சூரன்ஸ் பாலிசில எது இல்லைங்கறது.

முதல்லயே ஒன்னு சொல்லிடறேன். ரேஸ் ஓட்டாதீங்கன்னு சொல்ற பதிவு இது இல்ல. வேகமா ஓட்டணும்னு தோணுறவங்களுக்குச் சரியான இடம் டிராக் மட்டும்தான். பொது ரோட்டுல ரேஸ் விட்டா, மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவுப்படி முதல் தடவை 3 மாசம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லன்னா ரெண்டும். திரும்ப மாட்டினா 1 வருஷம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். 2023 செப்டம்பர்ல காஞ்சிபுரம் பக்கம் ஹைவேல வீலிங் பண்ணப் போய் விழுந்த ஒரு பிரபல யூடியூபரோட லைசன்ஸ் 10 வருஷத்துக்கு ரத்தாச்சு. அதனால திருமயம் பைபாஸ்ல ராத்திரி 11 மணிக்கு ஸ்பீடு பாக்குறதை விட டிராக்குக்குப் போறது ஆயிரம் மடங்கு மேல்.

ஆனா டிராக்குக்குன்னு தனியா ஒரு பணக் கணக்கு இருக்கு. அதைத்தான் இன்னைக்குப் பாக்கப் போறோம்.

நம்ம ஊர்ல இருந்து டிராக் எவ்வளவு தூரம்?

தமிழ்நாட்டுல ரேஸ்னு சொன்னா முதல்ல வர்ற பேரு சோழவரம். ரெண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் அது. 1953-ல தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கதான் பல வருஷம் ரேஸ் நடத்துச்சு. அப்புறம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டைல சொந்தமா டிராக் கட்டினாங்க. 1990-ல இருந்து அது ஓடுது. நீளம் 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. இன்னைக்கு அதோட பேரு மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். இன்னொன்னு கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல இருக்குற கரி மோட்டார் ஸ்பீட்வே. அது சின்ன டிராக், 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல.

புதுக்கோட்டைல இருந்து இருங்காட்டுக்கோட்டைக்குத் திருச்சி, விழுப்புரம், ஒரகடம் வழியா சுமார் 375 கிலோமீட்டர். செட்டிபாளையத்துக்கு சுமார் 250. ரேஸ் வண்டியை அவ்வளவு தூரம் ஓட்டிட்டுப் போக முடியாது. ஏத்திட்டுத்தான் போகணும். இந்த தூரம்தான் நம்ம மாவட்டத்து ஆளுக்கு வர்ற முதல் எக்ஸ்ட்ரா செலவு. சென்னைப் பையனுக்கு இது கிடையாது.

விழாம வந்தா எவ்வளவு?

உதாரணத்துக்கு ஒருத்தரை எடுத்துக்குவோம். பேரு வேணாம், 'தம்பி'ன்னே வச்சுக்கலாம். வயசு 27. வீடு புதுக்கோட்டை, வேலை திருச்சில, தினமும் பஸ். கைக்கு வர்ற சம்பளம் 38,000. அதுல வீட்டுக்கு 15,000. பைக் இஎம்ஐ 6,200. பஸ், சாப்பாடு, போன் எல்லாம் சேர்த்து 6,800. மிச்சம் 10,000.

தம்பி ஓட்டுறது 165 சிசி வண்டி. தேசிய சாம்பியன்ஷிப்லயே புது ஆளுங்களுக்கான நோவிஸ் பிரிவு 165 சிசி ஸ்டாக் வண்டிலதான் நடக்குது. ரேஸ்னாலே 10 லட்ச ரூபாய் சூப்பர்பைக் வேணும்னு நினைக்காதீங்க.

கீழ இருக்குற தொகை எல்லாம் கணக்குப் புரியறதுக்காக நான் வச்சிருக்கறது. உங்க இடத்துல, உங்க போட்டில என்ன ரேட்டோ அதைப் போட்டுப் பாத்துக்கோங்க.

போட்டிக் கட்டணம்: 12,000
டாடா ஏஸ் வாடகை, போக வர 750 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 18 ரூபாய், டோல், டிரைவர் பேட்டா சேர்த்து: 15,000
ரெண்டு பேருக்கு ரூம், சாப்பாடு: 6,000
டயர் (ஒரு செட் 12,000, மூணு வாரக்கடைசிக்கு வரும்னு வச்சு): 4,000
பெட்ரோல், ஆயில், பிரேக் பேட்: 4,000
லெதர் சூட், ஹெல்மெட், பூட்ஸ், க்ளவுஸ் (மொத்தம் 60,000, 20 வாரக்கடைசிக்குப் பிரிச்சு): 3,000

மொத்தம் 44,000. ஒரு மாசச் சம்பளத்தை விட 6,000 அதிகம், அதுவும் விழாம வந்தா.

வருஷத்துக்கு நாலு தடவை போனா 1,76,000. மாசத்துக்குப் பிரிச்சா 14,667. தம்பி கையில மாசம் நிக்கறதே 10,000தான். ரெண்டு தடவைன்னா 88,000, மாசம் 7,333. ஆக, கடன் வாங்காம தம்பியால ஓட்ட முடிஞ்சது வருஷத்துக்கு ரெண்டு வாரக்கடைசி. செட்டிபாளையம் போனா வண்டி வாடகைல மட்டும் ஒவ்வொரு தடவையும் 4,500 மிச்சம் ஆகும்.

இதுவரைக்கும் வந்தது எல்லாம் முன்னாடியே தெரிஞ்ச செலவு. இதால யாரும் கடனாளி ஆகறதில்ல. பிரச்சினை அடுத்ததுலதான்.

மோசமான வாரக்கடைசி எப்படி இருக்கும்?

பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பயிற்சி, சனிக்கிழமை தகுதிச் சுற்று, ஞாயிற்றுக்கிழமை ரேஸ். சில போட்டில சனிக்கிழமையே ஒரு ரேஸ் இருக்கும். வண்டி ஏறங்கினதும் முதல்ல ஸ்க்ரூட்டினி. ஆயில் போல்ட் கழண்டு வராம கம்பி கட்டியிருக்கா, பிரேக் சரியா, ஹெல்மெட்ல வெடிப்பு இருக்கான்னு எல்லாம் பாப்பாங்க. அதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்குவாங்க. 'எனக்கு அடிபட்டா அமைப்பாளர் பொறுப்பில்ல'ங்கற உறுதிமொழி அது. நம்ம பசங்க அதைப் படிக்காமலேயே கையெழுத்து போட்டுட்டு ஓடுவாங்க.

இப்ப தம்பி வெள்ளிக்கிழமை மத்தியானம் பயிற்சில ஒரு வளைவுல முன் சக்கரம் வழுக்கி விழறான்னு வைங்க. பெருசா ஒன்னும் இல்ல. மணிக்கட்டு மட்டும் வலிக்குது. ஹேண்டில்பார் வளைஞ்சு போச்சு. லீவர் உடைஞ்சு போச்சு. பக்கத்து டென்ட்ல ஸ்பேர் வாங்கி ராத்திரி வரைக்கும் வேலை. 3,500 ரூபாய் போச்சு. சனிக்கிழமை கை வலியோட தகுதிச் சுற்று, கடைசில இருந்து மூணாவது இடம். ராத்திரி மணிக்கட்டு வீங்கிடுச்சு.

ஞாயிறு காலைல அவன் மனசுல என்ன ஓடும்? 'இவ்வளவு தூரம் வந்தாச்சு. 44,000 செலவு பண்ணியாச்சு. ஒரு ரேஸ் கூட ஓட்டாம எப்படித் திரும்பிப் போறது?'

மக்களே, இந்த வாரக்கடைசில பணத்துக்கு ஆபத்தான நிமிஷம் இதுதான். பயிற்சில விழுந்தது கூட அவ்வளவு பெரிய விஷயம் இல்ல.

கட்டின 44,000, தம்பி ரேஸ் ஓட்டினாலும் போச்சு, ஓட்டாட்டியும் போச்சு. வேன் வாடகை திரும்ப வராது, போட்டிக் கட்டணமும் பெரும்பாலும் திரும்ப வராது. அதனால அந்தத் தொகைக்கு ஞாயிறு முடிவுல வேலையே இல்ல. அவன் கேக்க வேண்டிய கேள்வி ஒன்னுதான்: 'இப்போ இருக்குற கையோட, இன்னைக்கு இந்த 20 நிமிஷம் ஓட்டறதுக்கு இனிமே நான் எவ்வளவு இழக்கத் தயாரா இருக்கேன்?'

ஷேர் மார்க்கெட்ல இதே ஆளுதான் 'விழுற ஷேரை விடாம பிடிச்சிட்டிருக்காதே, ஸ்டாப் லாஸ் போடு'ன்னு ஃப்ரெண்டுக்கு அட்வைஸ் பண்ணுவான். டிராக்ல அவனுக்கே ஸ்டாப் லாஸ் கிடையாது.

ஞாயிறு விழுந்தா?

ரேஸ்ல வீங்கின கையோட பிரேக் சரியாப் பிடிக்க முடியல. திரும்ப விழறான். பைக்ல இருந்து விழறவங்களுக்கு அடிக்கடி உடையற எலும்பு ஒன்னு உண்டு, காரை எலும்பு. தோள்பட்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவுல இருக்கறது. பிளேட் வச்சு ஆபரேஷன். இதுவும் ஒரு மாதிரிக் கணக்குதான்:

தனியார் மருத்துவமனை செலவு: 1,40,000
வண்டி ரிப்பேர்: 35,000
45 நாள் ரெஸ்ட். கையில இருக்குற லீவு 10 நாள். மீதி 35 நாள் சம்பளம் கட்: 44,333

மொத்தம் 2,19,333. வாரக்கடைசிக்கு ஏற்கெனவே ஆன 44,000 தனி.

கையில சேமிப்பு இல்ல, 2,20,000 பர்சனல் லோன் 14% வட்டிக்கு 3 வருஷத்துக்கு எடுக்கறான்னு வைங்க. இஎம்ஐ சுமார் 7,520. வட்டி மட்டும் 50,000-க்கு மேல. அவன் மாசம் சேமிக்கற 10,000-ல முக்கால்வாசி 3 வருஷத்துக்குக் காலி. வீட்டுக்குக் கொடுக்கற 15,000-ல கை வைக்கணும், இல்லன்னா அம்மாவோட நகை அடகுக்குப் போகணும். 20 நிமிஷ ரேஸுக்கு 36 மாசம் தவணை.

'அதான் இன்சூரன்ஸ் இருக்கே ப்ரோ!'ன்னு நீங்க கேக்குறது காதுல விழுது. வாங்க, ஒவ்வொன்னா பிரிச்சுப் பாக்கலாம்.

பைக் இன்சூரன்ஸ்: வராது

உங்க வண்டி பாலிசியை எடுங்க. 'வண்டியைப் பயன்படுத்தறதுக்கான வரம்பு'ன்னு ஒரு பகுதி இருக்கும். எந்தக் கம்பெனி பாலிசியா இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே வாசகம்தான். வாடகைக்கு ஓட்டறது, அமைப்பு ரீதியா நடக்கற ரேஸ், வேகப் பரிசோதனை, தாங்குதிறன் ஓட்டம் மாதிரியான பயன்பாட்டுக்கு பாலிசி செல்லாதுன்னு எழுதியிருக்கும். 'பம்பர் டு பம்பர்' ஆட்-ஆன் போட்டிருந்தாலும் இந்த வரம்பு மாறாது. அதனால 35,000 ரூபாய் ரிப்பேர் முழுக்க நம்ம பணம்.

அதே பாலிசியோட வர்ற 15 லட்ச ரூபாய் ஓனர்-டிரைவர் விபத்து கவரையும் இதுக்கு நம்பாதீங்க. அதுவும் அதே பாலிசியோட ஒரு பகுதிதான்.

இதுல இன்னொரு விஷயம். இஎம்ஐ முடியாத வண்டியை ரேஸுக்கு எடுத்துட்டுப் போறது டபுள் ரிஸ்க். வண்டி மொத்தமா போனாலும் இன்சூரன்ஸ் தராது, ஆனா பேங்க் இஎம்ஐ கேக்கும். 1990-களோட தொடக்கத்துல நம்ம மாவட்டத்துல அறிவொளி இயக்கம் மூலமா ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. சைக்கிள் வாங்க பேங்க் லோனும் கிடைச்சுது. அந்த லோன் அவங்களுக்குச் சந்தைக்கும் வேலைக்கும் போக வழி பண்ணுச்சு. பொழுதுபோக்கு வண்டி லோன் அப்படி இல்ல. அது சம்பளத்தைத் தின்னுமே தவிர, திருப்பிக் கொடுக்காது. ரேஸுக்குன்னு வண்டி வேணும்னா, கடன் இல்லாத ஒரு பழைய 150 - 165 சிசி வண்டி போதும்.

ஹெல்த் இன்சூரன்ஸ்: ஒரே ஒரு வார்த்தைல இருக்கு

இதைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க. நம்ம நாட்டு ஹெல்த் பாலிசிகள்ல என்னென்ன விலக்கு இருக்கலாம்னு ஐஆர்டிஏஐ 2019-ல பொதுவான வாசகம் கொடுத்துச்சு. 2020 அக்டோபர்ல இருந்து பழைய பாலிசிகளுக்கும் அது வந்துடுச்சு. அதுல 'எக்ஸ்க்ல் 09'னு ஒரு பிரிவு. ஆபத்தான, சாகச விளையாட்டுகள்ல 'தொழில்முறை' வீரரா கலந்துக்கிட்டு அடிபட்டா சிகிச்சைச் செலவு கிடையாதுன்னு அது சொல்லுது. பட்டியல்ல மலையேற்றம், ராஃப்டிங், ஸ்கூபா டைவிங், குதிரைப் பந்தயத்தோட மோட்டார் ரேஸும் இருக்கு. 'இவை மட்டுமல்ல'ன்னும் சேர்த்திருக்கு.

இதுல கவனிக்க வேண்டிய வார்த்தை 'தொழில்முறை'. சம்பளக்காரரா இருந்துட்டு வருஷத்துக்கு ரெண்டு தடவை சொந்தக் காசுல ஓட்டற ஆளு தொழில்முறை வீரர் இல்லன்னு வாதாட நல்ல இடம் இருக்கு. ஆனா தம்பிகிட்ட எஃப்எம்எஸ்சிஐ போட்டி லைசன்ஸ் இருக்கு. அது இல்லாம தேசியப் போட்டில இறங்கவே முடியாது. சூட்ல லோக்கல் டயர் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான். போன தடவை பரிசுப்பணம் வாங்கி இன்ஸ்டால ஃபோட்டோ போட்டான். இதையெல்லாம் காட்டி, 'நீங்க தொழில்முறைதான்'னு கம்பெனி வாதாடலாம். கிளெய்ம் டிபார்ட்மென்ட்டோட அந்த வாதத்தை ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நடத்தக் கூடாது.

வித்தியாசம் எவ்வளவுன்னு பாருங்க. ஹெல்த் கிளெய்ம் வந்து, தராத ஐட்டங்களுக்கு மட்டும் 12,000 நாம கட்டறதா இருந்தா, மொத்தச் செலவு 91,333. கிளெய்ம் ரிஜெக்ட் ஆனா 2,19,333. ஒரு வார்த்தைக்கு விலை 1,28,000.

அதனால போட்டிக் கட்டணம் கட்டறதுக்கு முன்னாடியே கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்க. ஆபீஸ் குரூப் பாலிசின்னா ஹெச்ஆர் மூலமா. இப்படி இருந்தா போதும்:

'நான் சம்பள வேலையில் இருப்பவன். பொழுதுபோக்காக, சம்பளமோ ஒப்பந்தமோ இல்லாமல், அங்கீகரிக்கப்பட்ட டிராக்கில் நடக்கும் இருசக்கர வாகனப் போட்டியில் கலந்துகொள்கிறேன். அதில் காயம் ஏற்பட்டால் என் பாலிசியில் மருத்துவமனைச் செலவு கிடைக்குமா? பரிசுப்பணம் வாங்கினால் பதில் மாறுமா? எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் தெரிவிக்கவும்.'

ஏஜென்ட் போன்ல 'அதெல்லாம் வரும் சார்'னு சொல்றது கணக்குல வராது. பதில் மெயில்ல இருக்கணும்.

இன்னொன்னு, தயவுசெஞ்சு இதைப் பண்ணாதீங்க: டிராக்ல விழுந்துட்டு ஆஸ்பத்திரில 'ரோட்டுல ஸ்லிப் ஆச்சு'ன்னு சொல்றது. விபத்து கேஸ்னா ஏஆர் காப்பி போடுவாங்க, ரோட்டு விபத்துன்னா போலீஸ் விவரமும் கேப்பாங்க, கம்பெனி விசாரணைக்கு ஆள் அனுப்பும். உங்க ஃப்ரெண்ட் போட்ட ரேஸ் வீடியோ அவங்களுக்கும் தெரியும். பொய்னு தெரிஞ்சா இந்தக் கிளெய்ம் மட்டும் இல்ல, பாலிசியே போகும்.

நம்ம மாவட்டத்துல தச்சங்குறிச்சில ஜல்லிக்கட்டு சீசன் ஆரம்பிக்கும்போது வாடிவாசல் பக்கம் போற சம்பளக்காரப் பசங்களும் இதே பிரிவைப் படிச்சு வச்சுக்கோங்க. 'இவை மட்டுமல்ல'ங்கறது அங்கயும் வந்து நிக்கலாம்.

மத்த கவர் எல்லாம்?

தனிநபர் விபத்து பாலிசி: பெரும்பாலான பாலிசிகள்ல ரேஸ், சாகச விளையாட்டு விலக்கு. பல இடத்துல 'தொழில்முறை'ங்கற வார்த்தை கூட இருக்காது. பொழுதுபோக்கா ஓட்டினாலும் கிடையாது. டேர்ம் பாலிசியோட சேர்த்து எடுக்கற விபத்து ரைடரும் அப்படித்தான்.

டேர்ம் இன்சூரன்ஸ்: முதல் வருஷத் தற்கொலை தவிர, பொதுவா எந்தக் காரணத்தால உயிர் போனாலும் குடும்பத்துக்குப் பணம் கிடைக்கும். ஆனா விண்ணப்பத்துல 'ஆபத்தான பொழுதுபோக்கு இருக்கா?'ன்னு கேக்குற கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருக்கணும். பிரீமியம் கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்ல. மறைச்சிருந்தா முதல் 3 வருஷத்துக்குள்ள கம்பெனி அதைக் கேள்வி கேக்கலாம். இன்சூரன்ஸ் சட்டம் 45-வது பிரிவு அந்த உரிமையை அவங்களுக்குக் கொடுத்திருக்கு.

பிஎஃப்: உங்களுக்கு பிஎஃப் பிடிச்சா, இடிஎல்ஐ கவர் இருக்கும். வேலையில இருக்கும்போது எந்தக் காரணத்தால இறந்தாலும் நாமினிக்கு 7 லட்சம் வரை. நாமினேஷன் போட்டுட்டீங்களா? இன்னைக்கே பாருங்க.

இஎஸ்ஐ: சம்பளம் 21,000-க்குள்ள இருந்தா இது உங்களுக்கு இருக்கும். சிகிச்சை இலவசம். நிபந்தனை பூர்த்தியானா சம்பளத்துல 70% வரை 91 நாளுக்கு நோய்க்கால உதவித்தொகையும் கிடைக்கும். 20,000 வாங்கற பையனுக்கு இருக்குற இந்தப் பாதுகாப்பு 38,000 வாங்கற தம்பிக்கு இல்லைங்கறதை கவனிங்க.

அரசோட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர்ல இருந்து முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவுது. ஆனா அது சாலை விபத்துக்கான திட்டம். டிராக் சாலை இல்ல. அதை உங்க திட்டத்துல சேர்க்காதீங்க.

அமைப்பாளர் கவர்: போட்டி லைசன்ஸோடயோ கட்டணத்தோடயோ ஏதாவது விபத்து கவர் இருக்கான்னு கேளுங்க. இருந்தா மூணு கேள்வி: எவ்வளவு தொகை? மருத்துவச் செலவுக்கா, இல்ல உயிரிழப்புக்கும் ஊனத்துக்கும் மட்டுமா? பயிற்சி நாளுக்கும் உண்டா? தம்பி வெள்ளிக்கிழமையே விழுந்தான், மறந்துடாதீங்க. கம்பெனி வண்டியே கொடுக்கற ஒன்-மேக் போட்டின்னா நாலாவது கேள்வி: வண்டி சேதம் ஆனா யார் கட்டணும்?

பெரிய வீரர்களைப் பாத்து முடிவெடுக்காதீங்க

2021 ஜனவரில சவுதி அரேபியால நடந்த டக்கார் ராலில நம்ம நாட்டு வீரர் சி.எஸ்.சந்தோஷ் விழுந்து தலையில பலத்த அடிபட்டார். ஹெலிகாப்டர்ல ரியாத் மருத்துவமனைக்குக் கொண்டு போனாங்க. மருந்து கொடுத்து கோமால வச்சு சிகிச்சை பண்ணினாங்க. அப்புறம் குணமாகி நாடு திரும்பினார். அவர் ஹீரோ மோட்டோஸ்போர்ட்ஸ் ஃபேக்டரி டீம் வீரர். பின்னாடி ஒரு கம்பெனியே நின்னுச்சு. நம்ம தம்பி பின்னாடி நிக்கறது அப்பா, அம்மா, சேமிப்புக் கணக்கு, இவ்வளவுதான்.

இருங்காட்டுக்கோட்டையும் கஷ்டமான வாரக்கடைசிகளைப் பாத்திருக்கு. 2023 ஜனவரி 8-ம் தேதி தேசிய கார் ரேஸ்ல 59 வயசு மூத்த வீரர் கே.ஈ.குமார் விபத்துல இறந்தார். அதே வருஷம் ஆகஸ்ட் 5, சனிக்கிழமை, தேசிய மோட்டார் சைக்கிள் சாம்பியன்ஷிப் மூணாவது சுற்று. பெங்களூரைச் சேர்ந்த 13 வயசு வீரர் ஒருத்தர் ரேஸ் தொடங்கினதும் முதல் வளைவைத் தாண்டும்போது விழுந்து, தலையில அடிபட்டு இறந்துட்டார். உடனே செங்கொடி காட்டி ரேஸை நிறுத்தினாங்க. டிராக்லயே ஆம்புலன்ஸ் இருந்துச்சு. இருந்தும் காப்பாத்த முடியல. அந்த வாரக்கடைசில மீதி இருந்த எல்லா ரேஸையும் ரத்து பண்ணிட்டாங்க.

இதை பயமுறுத்தறதுக்காகச் சொல்லல. ஆம்புலன்ஸ், டாக்டர், லெதர் சூட் எல்லாம் இருக்குற இடத்துலயும் ரிஸ்க் பூஜ்யம் ஆகறதில்ல. அந்த சனிக்கிழமை, கட்டணம் கட்டி ஊர் ஊரா வந்த எல்லாரும் வண்டியை ஏத்திட்டுத் திரும்பிப் போனாங்க. அன்னைக்கு கட்டின பணத்தைப் பத்தி யாரும் யோசிச்சிருக்க மாட்டாங்க. சின்ன விஷயத்துலயும் நாம அப்படி யோசிக்கப் பழகணும்.

அப்போ தம்பி என்ன பண்ணணும்?

முதல் வேலை, விழுந்தா எடுக்கறதுக்குன்னு ஒரு தனிப் பணம். எமர்ஜென்சி ஃபண்டைத் தொடக்கூடாது, அது வேலை போனா சாப்பாட்டுக்கு. ஹெல்த் கிளெய்ம் வரும்னு மெயில்ல பதில் வந்திருந்தா, தேவைப்படறது சுமார் 92,000: வண்டி ரிப்பேர், கிளெய்ம்ல வராத ஐட்டம், சம்பள கட். மாசம் 9,000 ஆர்டி போட்டா 11 மாசத்துல 99,000. அதாவது, முதல் ரேஸ் அடுத்த வருஷம். கிளெய்ம் வராதுன்னு பதில் வந்தா, இலக்கு 2,20,000. அதுக்கு ரெண்டு வருஷம் ஆகும். கசப்பாத்தான் இருக்கும். ஆனா அந்த 3 வருஷ லோன் இஎம்ஐயை விட இது எவ்வளவோ மேல். இந்தப் பணம் விழலைன்னா அப்படியே உங்ககிட்டயே இருக்கும்.

காத்திருக்கற அந்த வருஷம் வீணும் இல்ல. ரஜினி கிருஷ்ணன் மாதிரி தேசிய சாம்பியன்கள் நடத்தற பயிற்சிப் பள்ளிகள் தமிழ்நாட்டுலயே இருக்கு. ஒரு நாள் பயிற்சி, போட்டி அழுத்தம் இல்லாம. விழற வாய்ப்பைக் குறைக்கற செலவு இது. சைலன்ஸர் மாத்தறதுக்குப் போடற பணத்தை இங்க போடுங்க.

ரெண்டாவது, ஸ்டாப் லாஸ். புதுக்கோட்டைல இருந்து கிளம்பறதுக்கு முந்தின நாள் ராத்திரி, ஒரு பேப்பர்ல நாலு வரி எழுதுங்க:

தலையில அடிபட்டா, லேசா இருந்தாலும், வாரக்கடைசி முடிஞ்சது.
கை, கால், தோள்ல வீக்கம் வந்தா, டாக்டர் ஓகே சொல்லாம வண்டில ஏற மாட்டேன்.
ரிப்பேருக்கு மேற்கொண்டு 10,000 தாண்டினா, வண்டியை ஏத்திடுவேன்.
ஹெல்மெட் தரையில பட்டிருந்தா, அதைத் திரும்பப் போட மாட்டேன்.

அந்தப் பேப்பரை உங்ககூட வர்ற ஃப்ரெண்ட்கிட்ட கொடுங்க. ஞாயிறு காலைல முடிவு எடுக்கறது அவர், நீங்க இல்ல. ஏன்னா, ஹெல்மெட் மாட்டினதுக்கப்புறம் யாருக்கும் கணக்கு வராது.

மூணாவது, வீட்ல சொல்லுங்க. 'ஃப்ரெண்ட் கல்யாணம்'னு பொய் சொல்லிட்டு டிராக்குக்குப் போற பசங்க நிறைய பேர். பாலிசி பேப்பர் எங்க இருக்கு, ஆபீஸ் ஹெச்ஆர் நம்பர் என்ன, ஆர்டி எந்த பேங்க்ல, நாமினி யாருன்னு வீட்ல ஒருத்தருக்காவது தெரியணும். அம்மாகிட்ட சொல்லத் தயக்கமா இருந்தா அக்காகிட்ட சொல்லுங்க.

நம்ம தம்பி அந்தப் பேப்பரை எழுதியிருந்தா, ரெண்டாவது வரியே அவனை ஞாயிறு காலைல நிறுத்தியிருக்கும். நஷ்டம் 47,500-ல நின்னிருக்கும்: வாரக்கடைசிச் செலவு 44,000, வெள்ளிக்கிழமை ரிப்பேர் 3,500. கடுப்பாத்தான் இருக்கும். திருச்சி வரைக்கும் டாடா ஏஸ்ல பேசாமத்தான் வருவான். ஆனா திங்கட்கிழமை காலைல ஆபீஸ் பஸ்ல ஏறியிருப்பான், அடுத்த சீசனுக்கு வண்டியும் கையும் இருந்திருக்கும்.

உங்க ஹெல்த் பாலிசில அந்த 'எக்ஸ்க்ல் 09' எந்தப் பக்கத்துல இருக்குன்னு இன்னைக்கு ராத்திரியே தேடிப் பாருங்க. கம்பெனிக்கு மெயில் போட்டு பதில் வந்தா எங்களுக்கும் அனுப்புங்க. பேரை மறைச்சுட்டு, எந்த மாதிரி பதில் வருதுன்னு அடுத்த வீடியோல பேசலாம். பத்திரமா ஓட்டுங்க மக்களே!